இன்ஃப்ராரெட், புளூடூத் இரண்டுக்கும் ஒரே ரிமோட் எது?

அம்மாவுக்குப் பார்வை மங்கிவருகிறது. மேசையில் கிடக்கும் நான்கு ரிமோட்டில் எது எதற்கென்று தடுமாறுகிறார். ஒன்றாக்கித் தர வழி தெரியவில்லை.

2019 மாடல் டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார் மூன்றும் இன்ஃப்ராரெட். ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மட்டும் புளூடூத், சிக்கலே அதுதான். போன மாதம் வாங்கிய லேர்னிங் ரிமோட் (பிற ரிமோட்டுகளின் இன்ஃப்ராரெட் சிக்னலைக் கற்றுக்கொள்வது) மற்ற மூன்றையும் பிடித்துக்கொண்டது, ஸ்டிக்கைத் தொடவே இல்லை.

சரி என்று, எச்.டி.எம்.ஐ. இணைப்பு வழியே ஒரு கருவி இன்னொன்றை இயக்க உதவும் சி.இ.சி. வசதியை ஆன் செய்தேன். டிவி ரிமோட்டின் அம்புக்குறிகள் ஸ்டிக்கில் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் டிவியை அணைத்த சில நொடிகளில் சவுண்ட்பார் அதைத் திரும்ப எழுப்பிவிடுகிறது. அப்புறம், பெட்டிகள் கதவு போட்ட அலமாரிக்குள் இருக்கின்றன. கதவை மூடினால் இன்ஃப்ராரெட் உள்ளே போகாது. மொபைல் ஆப் வேண்டாம், அம்மாவுக்கு விரலால் தடவினாலே தெரிகிற பட்டன்கள்தான் வேண்டும்.

புளூடூத் ஸ்டிக்கையும் சேர்த்து இயக்கும், பெரிய பட்டன் உள்ள ரிமோட் எதை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள்?