எண்டமோல்: புதுமை செய்த கம்பெனியா, ஆட்களை விற்ற கம்பெனியா?

எடிட்டர்_துரை:
பிக் பாஸ் பற்றிய இழையில் ஒருவர், "இதெல்லாம் காசுக்காக எவனோ யோசித்த குப்பை" என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் நீண்டுவிட்டதால் தனி இழை.

1994இல் நெதர்லாந்தில் ஜான் டி மோல், யோப் வான் டென் எண்டே என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் தங்கள் கம்பெனிகளை இணைத்தார்கள். அதுதான் எண்டமோல். 1999 செப்டம்பர் 16 அன்று அங்கே வெரோனிகா சேனலில் முதல் பிக் பிரதர் ஒளிபரப்பானது. நம் பிக் பாஸுக்கு மூலம் அதுதான். வீடு அல்மேரே நகரில். வீட்டுக்குள் நடப்பதை இணையத்தில் நேரலையாகவும் காட்டினார்கள். 1999இல் அப்படி யோசித்ததே பெரிய விஷயம்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை அவர்களுடைய உண்மையான சாதனை அந்த வீடு இல்லை, அதை விற்ற விதம். ஒரு நாட்டில் ஓடிய நிகழ்ச்சியை எப்படி நடத்துவது என்று முழுக் கையேடு எழுதி (தொழிலில் 'பைபிள்' என்பார்கள்), அதோடு அனுபவமுள்ள ஆட்களையும் அனுப்பி, அடுத்த நாட்டில் அதே நிகழ்ச்சியை நிறுத்துவார்கள். 2000 ஜூலையிலேயே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிக் பிரதர் ஓடியது. டீல் ஆர் நோ டீல், ஃபியர் ஃபேக்டர் எல்லாம் இதே கம்பெனி சரக்குதான். எடிட்டிங்கில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இத்தனை கேமராக்களில் 24 மணி நேரமும் பதிவாவதை மறுநாளே ஒரு மணி நேரக் கதையாக்கித் தரும் ஒழுங்கு சாதாரணம் இல்லை.

மீனா_குடந்தை:
துரை அண்ணா, ஒழுங்கு சரி. ஆனால் "யோசித்தது" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். ஆட்களை ஓரிடத்தில் அடைத்து, ஒவ்வொருவராக வெளியேற்றும் நிகழ்ச்சி 1997இலேயே ஸ்வீடனில் வந்துவிட்டது. சர்வைவரின் மூல வடிவம் அது. அதன் உரிமை வைத்திருந்த காஸ்ட்அவே கம்பெனி, எண்டமோல் தங்களைக் காப்பியடித்தது என்று வழக்கே போட்டது.

எடிட்டர்_துரை:
போட்டார்கள், தோற்றார்கள். 2004இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டு விஷயம். நிகழ்ச்சி வடிவத்துக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடைக்கலாம். ஆனால் பிக் பிரதர் அந்த நிகழ்ச்சியின் நகல் இல்லை. முதல் பாதிதான் முக்கியம். வடிவ வியாபாரத்துக்கே அது பலம் கொடுத்தது.

கணக்கு_ரவி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த வழக்கின் பின்கதை இன்னும் சுவாரசியம். வழக்குப் போட்ட காஸ்ட்அவேயை 2017இல் பிரான்சின் பானிஜே என்ற டிவி தயாரிப்புக் கம்பெனி வாங்கியது. 2020இல் அதே பானிஜே எண்டமோலையும் வாங்கிவிட்டது. வாதியும் பிரதிவாதியும் இன்று ஒரே முதலாளியிடம். பானிஜேயைத் தொடங்கிய ஸ்தெஃபான் கூர்பி முன்பு எண்டமோலின் பிரான்ஸ் கிளையை நடத்தியவர்.

துரை, நீங்கள் சாதனை என்பதைப் பணக்கணக்கு அவ்வளவாக ஆதரிக்கவில்லை. 2000இல் ஸ்பெயினின் தொலைபேசிக் கம்பெனி டெலிஃபோனிகா 550 கோடி யூரோ மதிப்புக்கு எண்டமோலை வாங்கியது, அதுவும் பங்குகளாகக் கொடுத்து. இணைய மோகம் உச்சத்தில் இருந்த நேரம். 2007இல் இத்தாலிய டிவி கம்பெனி மீடியாசெட், அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மேன் சாக்ஸ், கூடவே டி மோலின் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து வாங்கியபோது மதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். அந்தக் கடன் கம்பெனி தலையில் 200 கோடி யூரோவுக்கு மேல் ஏறியது. கடைசியில் கடன் கொடுத்தவர்கள் கைக்கே கம்பெனி போனது. டி மோல் 2000இல் விற்றபோது லாபம் பார்த்திருக்கலாம். கம்பெனி வட்டி கட்டியே களைத்தது.

மீனா_குடந்தை:
ரவி சொல்லும் அந்த மதிப்பெல்லாம் யாரால் வந்தது? வீட்டுக்குள் உட்கார்ந்த ஆட்களால். அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் என் கேள்வி.

2007இல் பிரிட்டனின் பிரபலங்கள் பிக் பிரதரில் ஷில்பா ஷெட்டியைச் சக போட்டியாளர்கள் இனவெறியோடு பேசினார்கள். ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு 44,000க்கு மேல் புகார். பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். விளம்பரதாரர் விலகினார். அந்தப் பேச்சை ஒளிபரப்பலாம் என்று முடிவெடுத்தது யார்? தொகுத்துக் கொடுத்தவர்களும் சேனலும்தானே?

எடிட்டர்_துரை:
காட்டாமல் வெட்டியிருந்தால் மூடி மறைத்தார்கள் என்று இதே இழையில் திட்டியிருப்பீர்கள். காட்டியதால்தான் பிரிட்டன் முழுக்க இனவெறி பற்றிய பேச்சு வந்தது. ஷில்பா வென்றார். அதே 2007 ஜூனில் நெதர்லாந்தில் இதே கம்பெனி, சாகப்போகும் பெண் தன் சிறுநீரகத்தை மூன்று நோயாளிகளில் ஒருவருக்குத் தருவதாக ஒரு நிகழ்ச்சி செய்தது. கடைசியில் அந்தப் பெண் நடிகை என்று அறிவித்தார்கள். நோயாளிகள் மட்டும் நிஜம். உறுப்பு தானத்துக்காக எப்படிக் காத்துக் கிடக்கிறார்கள் என்பதை நாடே பேசியது. பிறகு சர்வதேச எம்மி விருதும் கிடைத்தது.

மீனா_குடந்தை:
அது நல்ல நிகழ்ச்சி, மறுக்கவில்லை. அதை வைத்து மற்றதைக் கழிக்க முடியாது.

ஸ்பெயின் கதையைப் பாருங்கள். 2017இல் எண்டமோலின் ஸ்பெயின் கிளை நடத்திய வீட்டில் ஒரு பெண்ணிடம் அத்துமீறல் நடந்தது. மறுநாள் அவரைத் தனியறைக்குக் கூப்பிட்டு, கேமரா ஓட ஓட, அந்தப் பதிவையே போட்டுக் காட்டினார்கள். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். அந்தக் காட்சி 2019இல் வெளியானதும் விளம்பரதாரர்கள் கூட்டமாக விலகினார்கள். 2023இல் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது. கையேடு இருந்ததே அண்ணா, அந்தப் பெண்ணை முதலில் கேமரா இல்லாத அறைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே?

எடிட்டர்_துரை:
ஸ்பெயினில் செய்தது அநியாயம். அதற்கு நான் வாதாட மாட்டேன். ஆனால் அதற்காக இந்த வகை நிகழ்ச்சியையே நிறுத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது. 2017இலிருந்து சென்னையிலும் ஒவ்வொரு சீசனுக்கும் எத்தனை டெக்னீஷியன்கள் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார்கள்? அவர்கள் சாப்பாடு இது.

மீனா_குடந்தை:
நிறுத்தச் சொல்லவே இல்லை. டெக்னீஷியனுக்கு ஷிஃப்ட் உண்டு, சம்பளம் உண்டு. உள்ளே இருப்பவருக்கும் அதே சட்டம் வேண்டும் என்கிறேன். பிரான்சில் டெம்ப்டேஷன் ஐலண்ட் என்ற ரியாலிட்டி நிகழ்ச்சியின் போட்டியாளர்கள் (அது வேறு கம்பெனி தயாரிப்பு) வழக்குப் போட்டு, 2009இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் செய்தது வேலைதான், தொழிலாளர் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. வேலை நேரம், ஓய்வு, ஒப்பந்தம் எல்லாம் அதில் வரும். அப்படி ஒரு பக்கத்தையும் அந்தக் கையேட்டில் சேர்த்து எல்லா நாட்டுக்கும் அனுப்பலாமே. அனுப்பும் திறமைதான் அவர்களிடம் இருக்கிறதே.

கணக்கு_ரவி:
அதைச் சேர்த்தால் ஒரு சீசன் செலவு கூடும், உரிமம் வாங்கும் சேனல் பேரம் பேசும். செய்ய முடியாதது இல்லை. பானிஜே இன்று இருக்கும் அளவுக்கு, அவர்கள் விதி வைத்தால் சேனல்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.