மலையில் வைத்த தீ: வைத்தது யார் என்று எப்படி நிரூபிப்பார்கள்?

கொல்லாந்தோப்பு (கேள்வி)

வணக்கம். குமரி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர். பெயர் வேண்டாம், காரணம் படித்தால் புரியும்.

மாசிக் கடைசியில் ஒரு ராத்திரி மலையில் பிடித்த தீ எங்கள் கொல்லாந்தோப்பின் (முந்திரித்தோப்பு) மேல் வரிசை முழுவதையும் தின்றுவிட்டது. அண்டி, அதாவது முந்திரிக்கொட்டை, விழத் தொடங்கிய நேரம். பழம் கொப்பிலேயே வெந்தது. அண்டித்தோட்டில் இருக்கிற எண்ணெய் ஒவ்வொன்றாகச் சீறிப் பற்றியதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டு நின்றோம்.

இப்போது ஊரே ஆடு மேய்க்கிற ஒரு பையனைக் கை காட்டுகிறது. அன்று சாயங்காலம் அடிவாரத்து ஓடைப் பக்கம் பீடி குடித்துக்கொண்டு நின்றானாம், இரண்டு பேர் பார்த்தார்களாம். அடிக்கவே போய்விட்டார்கள். ஸ்டேஷனில் மனு ரசீது கொடுத்ததோடு சரி.

என் அத்தான் கலிபோர்னியாவில் ரிவர்சைடு பக்கம் வேலை பார்க்கிறார். அங்கே 2006-ல் ஒருவன் மலையில் வைத்த தீயில் தீயணைப்புக்காரர்கள் ஐந்து பேர் செத்து, வைத்தவனுக்கு மரண தண்டனையே விழுந்ததாம். எல்லாம் சாம்பலான பிறகு அவன்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நம்மூரில் அது நடக்குமா?

ரப்பர் பால்

நடக்காது. அபராதத்தைக் கட்டிவிட்டு அன்று சாயங்காலமே டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். எங்கள் பக்கம் ரப்பர் இலை உதிர்கிற நேரத்தில் வருஷா வருஷம் எங்காவது எரிகிறது. கேஸ் நடந்து முடிந்தது என்று நான் கேள்விப்பட்டதில்லை.

ஹோஸ்காரர்

தம்பி, நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். செத்தவர்கள் எங்கள் தொழில்காரர்கள் என்பதால் அந்தக் கேஸை அப்போதிருந்தே விடாமல் படித்து வருகிறேன்.

எஸ்பெரான்ஸா தீ என்று பெயர். 2006 அக்டோபர் 26, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், கபசோன் என்ற ஊருக்குப் பக்கத்தில் மலையடியில் வைத்தது. சான் கோர்கோனியோ கணவாய் அது. படம் தேடிப் பாருங்கள், முப்பந்தலைத் தூக்கிக்கொண்டு போய் வைத்த மாதிரி காற்றாலையாக நிற்கும். ஆரல்வாய்மொழிக்காரனுக்குக் கணவாய்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று அடித்தது பாலைவனப் பக்கத்தில் இருந்து வருகிற வறண்ட காற்று, சான்டா ஆனா என்பார்கள்.

எஞ்சின் 57 என்ற வண்டியின் ஐந்து பேர் மேலே ட்வின் பைன்ஸ் பக்கம் ஒரு வீட்டைக் காக்க நின்றார்கள். வீட்டுக்குக் கீழே ஒரு ஓடைப்பள்ளம். தீ அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து காற்றோடு ஏறி அவர்களை மூடிவிட்டது. மூன்று பேர் அங்கேயே முடிந்தார்கள், கேப்டன் ஆஸ்பத்திரியில், கடைசிப் பையன் ஐந்து நாள் கழித்து. மொத்தம் 40,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, 30-க்கு மேல் வீடுகள் போயின.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆளைக் காட்டிக்கொடுத்தது இந்தப் பெரிய தீ மட்டும் இல்லை. அதற்கு முன்னால் அதே பக்கத்தில் மாதக்கணக்காக அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று சில்லறைத் தீகள் பிடித்துக்கொண்டிருந்தன. அதையெல்லாம் 'புல்லுதானே' என்று விடாமல், பிடித்த இடத்துக்குப் போய்ச் சாம்பலை அரித்துப் பார்த்தார்கள். சிகரெட்டோடு தீக்குச்சிகளைச் சேர்த்துவைத்த பொறி கிடைத்தது. சிகரெட் மெல்லக் கனன்று குச்சியின் மருந்தைத் தொடுவதற்குள் வைத்தவன் வண்டியெடுத்துப் போய்விடலாம். ஜூன் மாதத் தீ இரண்டில் சிகரெட் துண்டு முழுக்க எரியாமல் கிடந்தது, அதில் எச்சில் இருந்தது. டிஎன்ஏ, பியூமான்ட் ஊரைச் சேர்ந்த ரேமண்ட் ஆய்லர் என்ற கார் மெக்கானிக்கோடு பொருந்தியது. அக்டோபர் 31-ல் கைது.

பெரிய தீயை வைத்தது வேறு ஆள், பொறியின் அமைப்பே வேறு என்று அவன் வக்கீல் வாதாடினார். ஜூரி ஒத்துக்கொள்ளவில்லை. 2009 மார்ச்சில் 5 கொலை, 20 தீவைப்பு, 17 பொறி வைத்த குற்றம் என்று தீர்ப்பு. மூன்று குற்றச்சாட்டில் மட்டும் ஜூரிக்குள் ஒத்துப்போகவில்லை, அதை அப்படியே விட்டார்கள். கோபத்தில் எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டவில்லை பாருங்கள், எனக்குப் பிடித்த இடம் அதுவாக்கும். ஜூனில் மரண தண்டனை. 2019-ல் அந்த மாநில கவர்னர் மரண தண்டனை நிறைவேற்றுவதையெல்லாம் நிறுத்திவைத்துவிட்டார்.

நம்மூரில் என்ன நடக்கிறது? வண்டி ஏறாத மலையில் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து அணைக்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முதலில் அணைக்கத்தான் வேண்டும். ஆனால் அணைந்த மறுநாள் ஊரே அங்கே போய் நிற்கும். பிடித்த இடம் நூறு செருப்புக்கு அடியில் போய்விடும். அப்புறம் டிஎன்ஏ எங்கே, ஒன்று எங்கே?

இரண்டு விஷயம் சொல்லுங்கள். தீயை முதலில் யார், எங்கே பார்த்தார்கள்? தோப்புக்கு எந்தப் பக்கமாக வந்தது?

கொல்லாந்தோப்பு

முதலில் பார்த்தது மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள். எட்டு மணிவாக்கில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே பெரிய பாறைக்கூட்டம் இருக்கிறதே, அந்தப் பக்கம் சிவப்பாகத் தெரிந்ததாம். தோப்புக்கு வந்தது நடுச்சாமம் தாண்டி, மேலிருந்து கீழாக.

ஹோஸ்காரர்

அப்படியென்றால் பையனை விட்டுத்தள்ளுங்கள், குறைந்தபட்சம் இப்போதைக்கு. தீ மேட்டில் ஓடும், பள்ளத்தில் தவழும். ஏறும்போது முன்னால் இருக்கிற புல்லைச் சூடாக்கிக்கொண்டே போகும், அதுதான் வேகம். 2018-ல் குரங்கணியில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஓடைப் பக்கத்தில் பீடியால் பிடித்திருந்தால் முதல் சிவப்பு அடிவாரத்தில்தான் தெரிந்திருக்கும், உங்கள் தோப்பைக் கீழிருந்து தொட்டிருக்கும். உங்கள் தீயோ மேலே தொடங்கி நாலைந்து மணி நேரம் இறங்கி வந்திருக்கிறது. நடுவில் கொள்ளிக்கட்டை உருண்டு கீழே ஒரு இடத்தில் தனியாகப் பிடித்திருக்கலாம், அதைப் பார்த்துவிட்டு 'கீழேதான் தொடங்கியது' என்று யாராவது சொல்வார்கள்.

அந்தப் பாறைக்கூட்டத்துக்கு ராத்திரி எதற்கு ஆள் போகும்? தேன் எடுக்கலாம். புதுப்புல் முளைத்தால் மிளா மான் மேய வரும் என்று வேட்டைக்காரன் கொளுத்தலாம். எனக்குத் தெரியாது, தடயம் சொல்லட்டும்.

மழை பெய்துவிட்டதா? இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் படிக்கலாம். தீ முழு வேகம் எடுத்த இடத்தில் எல்லாம் வெள்ளைச் சாம்பலாக இருக்கும். பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் அப்படி இருக்காது, அரைகுறையாக எரிந்த புல் கிடக்கும். அங்கே தீ காற்றுக்கு எதிராக மெல்ல நகர்ந்திருக்கும், அப்படி நகர்ந்த இடத்தில் தண்டின் அடி முதலில் எரிந்து, நுனி தீ வந்த திசை பார்த்தே விழும். கல்லில் தீ வந்த பக்கம் மட்டும் கரி பிடித்திருக்கும், மறுபக்கம் சுத்தமாக இருக்கும். ஒரு அடையாளத்தை நம்பக் கூடாது, பத்து இடம் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

வேணாட்டு வக்கீல்

அண்ணாச்சி சொன்னதற்கு மேல் சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் தீவைப்பில் ஆள் செத்தால், கொல்லும் எண்ணம் இருந்ததா என்று பார்க்காமலே முதல்தரக் கொலை ஆகிவிடும். நம்மிடம் அந்த விதி இல்லை. கொல்லும் எண்ணத்தோடு செய்தான், அல்லது சாவு நேர்வது ஏறக்குறைய நிச்சயம் என்று தெரிந்தே செய்தான் என்கிற மாதிரி காட்டினால்தான் கொலை.

உங்கள் கேஸில் சாவு இல்லை, தோப்பு போயிருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 326(f), ஏழு வருஷம் வரை. ஆனால் வேண்டுமென்றே, அல்லது சேதம் வரும் என்று தெரிந்தே வைத்தான் என்று காட்ட வேண்டும். வெறும் பீடித்துண்டு அஜாக்கிரதை என்றால் 287, ஆறு மாதம் அல்லது 2,000 ரூபாய், அல்லது இரண்டும். ரப்பர் பால் சொல்கிற டீக்கடைக் கதை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மலை வன உயிரின சரணாலய எல்லைக்குள் வந்தால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு தனியாக வரும். 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதை வனத்துறை நேரடியாக வழக்காக எடுக்கலாம், போலீசுக்குக் காத்திருக்க வேண்டாம். காப்புக்காடு என்றால் தமிழ்நாடு வனச் சட்டம்.

இன்னொன்று, செயற்கைக்கோளில் தீ தெரிந்தால் இந்திய வன அளவை நிறுவனத்தில் இருந்து வனத்துறைக்குத் தகவல் போகும். ராத்திரி ஒன்றரை மணிவாக்கில் ஒரு முறை கடக்கும். அந்தத் தேதிக்கான பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கொல்லாந்தோப்பு

மழை பெய்யவில்லை. பாறைப் பக்கம் இதுவரை யாரும் ஏறவில்லை என்றுதான் நினைக்கிறேன், எல்லாரும் தோப்பையும் ஓடையையும்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நாளைக் காலையில் வனத்துறை வாட்சர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஹோஸ்காரர்

அவர் இல்லாமல் போகாதீர்கள், அது அவர்கள் இடம். எரிந்த ஓரத்தில் இருந்து உள்ளே வாருங்கள், ஒருவர் மிதித்த தடத்திலேயே மற்றவர் மிதியுங்கள். எதைப் பார்த்தாலும் கையில் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, அப்படியே விட்டு வாட்சரிடம் காட்டுங்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் மணியையும் நின்ற இடத்தையும் இன்றைக்கே எழுதி வாங்குங்கள், ஒரு வாரம் போனால் எட்டு மணி ஆறு மணியாகிவிடும்.

ஸ்டேஷனில் கொடுத்த மனுவில் அந்தப் பையன் பெயர் இருக்கிறதா?

கொல்லாந்தோப்பு

இருக்கிறது. அப்பா எழுதிக் கொடுத்தது.

வேணாட்டு வக்கீல்

கூடுதல் மனு ஒன்று கொடுங்கள். தீ முதலில் தெரிந்த இடம், நேரம், பார்த்தவர்கள், இது மட்டும் போதும். வாசகம் நான் எழுதித் தருகிறேன், தனிச்செய்தியில் வாருங்கள்.