பக்டெயில் ஜிக்குக்கு எந்த இழை? மும்பைத் தண்ணீருக்கு ஏற்ற ஸ்கர்ட்: அனுபவப் பகிர்வு

கழிமுகத்தான் (வாஷி)

மீன் பிடிக்கத் தூண்டிலில் போடும், ஈயத்தலை வைத்த கொக்கிதான் ஜிக்; அதன் கழுத்தில் கட்டும் முடி அல்லது இழைக் கொத்துதான் ஸ்கர்ட். ஸ்கர்ட் என்றதும் எல்லாரும் நிறத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது இழையின் விறைப்பு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில், கோலி மீனவர்கள் உதாண் என்று சொல்லும் சமயத்தில், மும்பையில் ஏற்ற வற்ற வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். அந்த இழுப்பில் மராபு இறகு போன்ற மெல்லிய இழை ஜிக்கோடு ஒட்டிக்கொண்டு வெறும் குச்சியாகிவிடும். தாணே கழிமுகத்தில் தண்ணீர் எப்போதும் கலங்கல். கொடுவாய், காலா மீன்கள் இரையைக் கண்ணால் பார்ப்பதைவிட அது தள்ளும் தண்ணீரை உணர்ந்துதான் வருகின்றன. ஸ்கர்ட் பருமனாக நின்றால்தான் அந்தத் தள்ளல் இருக்கும். ஆகவே இழுப்பு அதிகமானால் விறைப்பான முடி. ஏற்ற வற்றம் குறைந்த பாங் நாள்களில் நீர் மந்தமாக இருக்கும்போது மெல்லிய இழை. நிறம் அதற்கப்புறம்: பகலில் வெள்ளையோடு கிளிப்பச்சை, அந்தி சாய்ந்தால் கறுப்பு. இந்த மூன்றுக்கு மேல் கலங்கலில் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

அசல் பக்டெயில் என்பது அமெரிக்க வெள்ளைவால் மானின் வால் முடி. வாலின் அடிப்பாகத்து முடிக்குள் காற்று அதிகம். நூலை இறுக்கினால் விரிந்து நிற்கும். நுனிப்பக்கத்து முடி கெட்டி, விரியாமல் நீளமாகக் கிடக்கும். ஒரே வாலில் இரண்டு குணமும் இருப்பதால்தான் அதற்கு இவ்வளவு மரியாதை.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "ஊர்ப்பக்கத்து மான் முடி இருக்கு" என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். புள்ளிமானோ கடமானோ, அதன் முடி, தோல், கொம்பு எதை விற்றாலும் வாங்கினாலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஓவியத் தூரிகையில் வரும் கீரி முடிக்கும் அதே கதிதான்.

தூண்டில்முள் (தாராவி)

அண்ணாச்சி சொன்னது சரி. மான் முடிக்குப் பதிலா நம்ம கைக்கு எட்டுறது ஆட்டு முடிதான். கறிக்கடையில சொல்லி வச்சா வெள்ளாட்டு வால் கிடைக்கும். வயசான கிடா வாலா கேளுங்க, குட்டி வால்ல முடி கட்டையா இருக்கும். தோலைப் பதப்படுத்துற வேலையெல்லாம் வேண்டாம். முடியை அடியோட வெட்டி, நூல் போட்டுக் கத்தையாக் கட்டி, பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. கொழுப்பு போகலைன்னா நாத்தமும் போகாது, சாயமும் ஏறாது.

சாயத்துக்குக் கடைக்கு அலைய வேண்டாம். வினிகர் கலந்த சுடுதண்ணியில கேசரிப் பவுடர் போட்டாலே ஆட்டு முடி அழகா மஞ்சள் பிடிக்கும். முடியும் கம்பளி மாதிரி புரதம்தானே. தண்ணி தளதளன்னு கொதிக்கக் கூடாது, முடி சுருண்டு உடையும். இந்தச் சாயம் வெயில்ல சீக்கிரம் வெளிறும், அதனால கொஞ்சம் அடர்த்தியாவே ஏத்துங்க. பாலியஸ்டர் இழையில இது ஒட்டவே ஒட்டாது.

கட்டும்போது நிறைய பேர் கோட்டை விடுறது உள்மயிர்லதான். நீள முடிக்கு அடியில பஞ்சு மாதிரி குட்டை மயிர் இருக்கும். அதைப் பேன் சீப்பால வாரி எடுத்துரணும். எடுக்கலைன்னா நூல் அந்தப் பஞ்சைத்தான் இறுக்கும். நீள முடி வழுக்கி, ரெண்டு மீன் கடிச்சதும் கொத்தாக் கழண்டு வரும்.

14 கிராம் ஈயத்தலை, 3/0 அளவு கொக்கிக்குத் தீக்குச்சி தடிமன்ல ஆறு கத்தை போதும். கழுத்துல முதல்ல வெறும் நூலை நெருக்கமாச் சுத்துங்க, வெறும் ஈயத்துல முடி சுழலும். ஒவ்வொரு கத்தையும் வச்சு ரெண்டு சுத்து தளர்வாப் போட்டு, மூணாவது சுத்துல இறுக்கணும். முதல் சுத்துலயே இறுக்கினா கத்தை ஒரு பக்கமா ஓடிரும். நுனிகளை ஒரே மட்டமா வெட்டாதீங்க, இயற்கையா ஏறி இறங்கி இருக்கட்டும். தலைப்பக்கம் மிஞ்சுற முடியைச் சரிவா வெட்டினா கழுத்து மொத்தையா வராது. நூல் மெழுகு பூசின 210 டெனியர் தடிமன் நைலான். பருத்தி நூல் உப்புத்தண்ணியில மக்கிரும்.

கடைசியா எபாக்ஸி பசை, நூல் மேல மட்டும், மெல்லிசா. சூப்பர் க்ளூ ஊத்தினா முடி வழியா ஊறிப் போய்ப் பாதி ஸ்கர்ட் ஈர்க்குச்சியாகும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிட்டுச் சாப்பிடுங்க.

பாந்த்ரா பாறை

செயற்கை இழை வாங்குபவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு கொத்தை வாளித் தண்ணீரில் அமுக்கி, காற்றுக் குமிழி போகப் பிசைந்துவிட்டு விடுங்கள். மேலே வந்தால் பாலிப்ரொப்பிலீன் (அடர்த்தி 0.9). மூழ்கினால் நைலான் (1.14) அல்லது பாலியஸ்டர் (1.38). கடல்நீர் 1.02-ஐ ஒட்டி. சரக்குக் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றைப் பிரித்தால் வருவது பெரும்பாலும் முதல் வகை. பாறை இடுக்கில் போடும் ஜிக்குக்கு இதுதான் தோது: ஜிக் மெதுவாக இறங்கும், அடியில் உட்கார்ந்தாலும் வால் மேல்நோக்கி நிற்கும். ஆழத்தில் வேகமாக இறக்க வேண்டுமென்றால் இது ஆகாது. அதற்குப் பாலியஸ்டரை ஐதாகக் கட்டுங்கள். எந்த இழையானாலும் நெரிசலாகக் கட்டினால் இறங்கும் வேகம் குறையும். பளபளப்பு இழை பக்கத்துக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

பொம்மை தைக்கும் ஃபர் துணி புலேஷ்வர் பக்கம் கேட்டுப் பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டாமல், பின்பக்கத் துணியை மட்டும் பிளேடால் கீறிப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் இழையின் கூர்நுனி அப்படியே இருக்கும். நீளமான விக் இழையென்றால் பிளேடைச் சாய்த்து இழுத்து நுனியை மெலியவிடுங்கள். நேராக வெட்டியது தண்ணீரில் அசையாது.

வாளையும் பேத்தையும் சுற்றும் இடத்தில் நல்ல முடியை வீணாக்காதீர்கள். பல்லால் நறுக்கிவிடும். கயிற்று இழையே போதும்.

செம்பூர் புதுசு

என் ஜிக்கில் முடி கொக்கி வளைவில் சுற்றிக்கொள்கிறது. ஃபர் துணிதான் கட்டியிருக்கிறேன். சிலிக்கான் ஸ்கர்ட்டுக்கு மாறட்டுமா?

தூண்டில்முள் (தாராவி)

மாற வேண்டாம் தம்பி. முடி கொக்கி வளைவைத் தாண்டி எவ்வளவு நீளுதுன்னு பாருங்க. 1 செ.மீ., மிஞ்சிப்போனா 1.5. அதுக்கு மேல போனா சுத்தும்; சுத்தலைன்னாலும் மீன் வாலை மட்டும் கவ்விட்டுப் போயிரும். நீளம் சரியா இருந்தா, ஃபர் ரொம்ப மெல்லிசுன்னு அர்த்தம். அடியில, கொக்கியை ஒட்டி, ஆட்டு முடி ரெண்டு கத்தை கட்டி அதுக்கு மேல ஃபரைக் கட்டுங்க. விறைச்ச முடி தாங்கும், ஃபர் ஆடும். வீசும்போதும் ஜிக் தண்ணியைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்ன ரீல்ல நூல் சுத்தியிருக்கிற ஸ்பூலை விரலால லேசாத் தடுங்க. ஜிக் நேராகித்தான் விழும், முடி பின்னால போயிரும்.

கழிமுகத்தான் (வாஷி)

சிலிக்கான் நண்டு, இறால் போலத் தெரிய வேண்டிய இடத்துக்கு நல்லது. ஆனால் அதைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்தை நம்பாதீர்கள், வெயிலில் வெடித்து ஸ்கர்ட் மொத்தமாகக் கழன்றுவிடும். மெல்லிய செம்புக் கம்பியால் கட்டுங்கள்.

எல்லாருக்கும் ஒன்று. மழைக்காலத்தில் ஆட்டு முடியில் பூச்சி விழும். புது முடியைச் சாயம் போட்டுக் காயவைத்ததும் பையில் அடைத்து சில நாள் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு நாப்தலீன் உருண்டையோடு கண்ணாடி ஜாடியில். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக்கை நாப்தலீன் இளக்கிவிடும். உபயோகித்த ஜிக்கை நல்ல தண்ணீரில் அலசி, தொங்கவிட்டு உலர்த்தாமல் பெட்டியில் போட்டால் மடிந்த முடி அப்படியே நிற்கும். கெட்டிலின் ஆவியில் அரை நிமிடம் காட்டி விரலால் நீவினால் நேராகும். தூண்டில் ரப்பர் புழுக்களை ஜிக்கோடு பெட்டியின் ஒரே அறையில் போடாதீர்கள், தலையின் பெயிண்ட் பிசுபிசுத்துவிடும்.