நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கல்விச் சுற்றுலா: பிள்ளைகளை எப்படித் தயார்படுத்துவது?

வகுப்பறைச்சன்னல்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை, மூடிய பிறகு அருங்காட்சியகமாக மாற்றிய ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அழைத்துப் போகிறோம். கூண்டில் நிலத்தடிக்கும் இறங்குவார்கள். ஆற்றல் பாடத்தோடு இது ஒட்ட வேண்டும், வெறும் வேடிக்கையாகப் போய்விடக் கூடாது. கிளம்பும் முன் வகுப்பில் என்ன செய்யலாம்? கீழே எதில் கவனம் தேவை?

கரிப்படுகை:
டீச்சர், மேசை மேல ஒரு கிலோ கரியை வச்சுட்டு ஒரு கணக்கு போட வைங்க. நல்ல நிலக்கரின்னா கிலோவுக்குச் சுமார் 24 மெகாஜூல் வெப்பம். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல். வகுத்தா 6.7 யூனிட் வரும். பிள்ளைங்க அதோட பேனாவை மூடிடுவாங்க, தப்பு நடக்கிறதே அங்கதான். அனல் மின் நிலையத்துல கரியோட வெப்பத்துல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு புகைபோக்கி வழியாவும் கூலிங் டவர் வழியாவும் வெளியே போயிடுது. திறன் 35 சதவீதம்னு வச்சா மிஞ்சுறது 2.3 யூனிட்தான். அதுல 9 வாட் எல்இடி பல்பு ஒண்ணு கிட்டத்தட்ட 260 மணி நேரம் எரியும்.

அடுத்து, புகையை எடை போடச் சொல்லுங்க. அந்தக் கிலோவுல 650 கிராம் கார்பன்னு வைங்க. 12 கிராம் கார்பன் எரிஞ்சா 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. மொத்தம் 2.4 கிலோ வருது. எரிச்சதை விட வந்தது எப்படி அதிகமாச்சுன்னு கேட்பாங்க. உடனே பதில் சொல்லிடாதீங்க. காத்துல இருந்து வந்த ஆக்சிஜன்னு அவங்களே பிடிக்கட்டும்.

விளக்குத்திரி:
கணக்கோடு ஒரு செய்முறையும் சேருங்கள். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி 1815-இல் சுரங்கத் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய காப்பு விளக்கின் (சுடரைச் சுற்றிக் கம்பி வலை இருக்கும்) தத்துவத்தை ஒரு கம்பி வலையை வைத்தே காட்டிவிடலாம். பன்சன் அடுப்புக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் வலையைப் பிடித்து, வாயுவைத் திறந்து, வலைக்கு மேலே பற்ற வையுங்கள். மேலே சுடர் நிற்கும், கீழே பற்றாது. கம்பி வெப்பத்தை இழுத்துப் பரப்பிவிடுவதால் கீழுள்ள வாயு பற்றும் வெப்பநிலைக்கு வருவதில்லை.

சில விநாடிகளில் அணைத்துவிடுங்கள். வலை செந்நிறமாகப் பழுத்தால் சுடர் கீழே தாவிவிடும். சுரங்கத்திலும் இதே ஆபத்துதான்: வேகமான காற்று சுடரை வலைமேல் தள்ளும்போது டேவி விளக்கு கைவிட்டது. நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். இதைச் செய்து காட்டுவது ஆசிரியர் மட்டும், பாதுகாப்புக் கண்ணாடியோடு.

கூண்டுமணி:
வேல்ஸில் பிளேனாவனில் இருக்கும் பிக் பிட் போன்ற இடங்களில் (1980-இல் மூடி, 1983-இல் அருங்காட்சியகமானது, 90 மீட்டர் ஆழம்) தீப்பொறிக்கு வழி வைக்கும் எதையும் கீழே கொண்டு போக விடமாட்டார்கள். போன், பேட்டரிக் கடிகாரம், ரிமோட் சாவி எல்லாம் மேலேயே. காது கேட்கும் கருவியோ இன்சுலின் பம்ப்போ வைத்திருக்கும் பிள்ளை இருந்தால் முன்பதிவின்போதே பேசிவிடுங்கள். வாசலில் போய்ச் சொன்னால் அந்தப் பிள்ளை மட்டும் தனியாக மேலே நிற்கும்.

விளக்கையெல்லாம் அணைத்து முழு இருட்டைக் காட்டும் வழக்கமும் உண்டு. முன்னரே சொல்லி வைத்தால் யாரும் பதற மாட்டார்கள். ஒரு காலத்தில் அந்த இருட்டில் காற்றுக் கதவை (சுரங்கத்துக்குள் காற்றோட்டத்தைத் திருப்பிவிடும் கதவு) திறந்து மூடும் வேலைக்குச் சிறுவர்களை உட்கார வைத்திருந்தார்கள். பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும், எந்த வயதுப் பெண்களும் நிலத்தடியில் வேலை செய்வதை பிரிட்டன் 1842-இல்தான் தடை செய்தது. கதவருகே நிற்கும்போதே இதைச் சொல்லுங்கள், பேருந்தில் வேண்டாம்.

வகுப்பறைச்சன்னல்:
மிக்க நன்றி. போன் இல்லாமல் குறிப்பு எப்படி எடுப்பது?

கூண்டுமணி:
அட்டையில் செருகிய ஒரே தாள், நூலில் கட்டிய பென்சில். மூன்று கேள்வி போதும்: கூரையைத் தாங்கும் இரண்டு முட்டுகளுக்கு இடையே எத்தனை அடி எடுத்து வைத்தாய்? கதவுக்கு முன்னும் பின்னும் காற்று எந்தக் கன்னத்தில் பட்டது? கதவைத் திறக்க ஏன் அவ்வளவு பலம் வேண்டியிருந்தது? மூன்றாவதற்கு விடை இரு பக்கக் காற்றழுத்த வேறுபாடு. அதைத் திரும்பி வந்து வகுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.