மகன்ர யூ9 ஐஸ் ஹாக்கி டீமுக்கு ட்ரெயினரா நிக்க ஓம் எண்டிட்டன், இப்ப போலீஸ் ஃபிங்கர்பிரிண்ட் கேக்குது, ஆராவது உதவுங்கோ

ஸ்காபரோ_வேலன்:
எல்லாருக்கும் வணக்கம். மகன் இந்த வருஷம் யூ9 (ஒன்பது வயசுக்குக் கீழ்) ஹவுஸ் லீக்கில விளையாடுறான். டீமுக்கு ட்ரெயினர் (பிள்ளையள் அடிபட்டாப் பாக்கிற ஆள்) இல்லை, ஆள் இல்லாட்டி கேம் விளையாட ஏலாது எண்டு கோச் ஈமெயில் போட்டவர், ஒரு பெற்றோரும் வாய் திறக்கேல்ல, மனுசி என்னைப் பாத்தா, சரி எண்டிட்டன். ஸ்கேட் பண்ணத் தெரியாது எண்டதையும் முதலே சொல்லிப்போட்டுத்தான் ஓம் எண்டனான், அவர் அது பிரச்சினையில்லை எண்டார்.

இப்ப என்ன நடந்திருக்கெண்டா, டீம் மேனேஜர் "ஒன்லைன்ல போலீஸ் செக் எடுங்கோ, கெதியா வரும்" எண்டு ஒரு பிரைவேட் கம்பெனியின்ர லிங்க் அனுப்பினவர். காசு கட்டி எடுத்துக் குடுத்தா கிளப் ரெஜிஸ்ட்ரார் இது செல்லாது, வல்னரபிள் செக்டர் செக் (விஎஸ்சி, பிள்ளையளோட நிக்கிற ஆக்களுக்கான போலீஸ் செக்) தான் வேணும் எண்டு திருப்பி அனுப்பிட்டா. சரியெண்டு போலீஸுக்கு விண்ணப்பிச்சன், இப்ப அவை ஃபிங்கர்பிரிண்ட் வந்து குடுக்கச் சொல்லி எழுதியிருக்கினம். பார்க்கிங் டிக்கெட் தவிர ஒண்டும் வாங்கினதில்லை ஐயா. மனுசிக்கு இரவு நித்திரையே இல்லை. இதுக்குள்ள ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட் எண்ட ஒன்லைன் கோர்ஸும் போன வருஷமே செய்தனான், ஆனா சிஸ்டத்தில "இல்லை" எண்டு சிவப்பாக் காட்டுது.

ஃபிங்கர்பிரிண்ட் ஏன்? கிளப்புக்கு இது தெரிய வருமோ? அது வரும் வரைக்கும் நான் பெஞ்சில நிக்கலாமோ?

அஜாக்ஸ்_அண்ணை:
தம்பி வேலன், மனுசியை நித்திரை கொள்ளச் சொல்லுங்கோ. நான் கொஞ்ச வருஷம் எங்கட கிளப்பில ஸ்கிரீனிங் பேப்பர் பாத்தனான், ஃபிங்கர்பிரிண்ட் லெட்டர் வந்து பயந்துபோய் ஃபோன் எடுத்த ஆக்கள் கனபேர், எல்லாரும் அப்பாவியள்.

நடக்கிறது இதுதான். பாலியல் குற்றத்துக்குத் தண்டனை அனுபவிச்சு பிறகு பார்டன் (அரச மன்னிப்பு) கிடைச்ச ஆக்களின்ர ரெக்கோர்ட் சாதாரண போலீஸ் செக்கில வராது. விஎஸ்சியில மட்டும்தான் அதையும் தட்டிப் பாக்கலாம், அதுதான் அதுக்கும் மற்றதுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். முந்தி பேரை வச்சுத்தான் பாத்தவை, பேரை சட்டப்படி மாத்திக்கொண்டு ஒருத்தன் வந்தா தப்பிப் போயிடுவான் எண்டிட்டு 2010ல ஆர்சிஎம்பி (கனடாவின்ர மத்திய போலீஸ்) முறையை மாத்தினது. இப்ப ஆணா பெண்ணா, பிறந்த திகதி என்ன, இந்த ரெண்டும் அந்தப் பார்டன் லிஸ்டில இருக்கிற ஆரோ ஒருத்தரோட பொருந்தினாலே ஃபிங்கர்பிரிண்ட் கேக்கும். உங்கட பேர் என்ன, எந்த நாட்டில பிறந்தனீங்கள் எண்டதொண்டும் அதுக்குத் தேவையில்லை. உங்கட பிறந்தநாளில பிறந்த ஏதோ ஒரு மனுசன் எங்கேயோ செய்த வேலைக்கு நீங்கள் விரல் வைக்கிறியள், அவ்வளவுதான். அடுத்த முறை செக் எடுக்கேக்கையும் கேக்கலாம், பிறந்த திகதி மாறப்போறதில்லையே.

குடுக்கிற பிரிண்ட் இந்தச் செக்குக்கு மட்டும்தான், குற்றவாளிகளின்ர கோப்பில போய்ச் சேராது. ஆர்சிஎம்பியின்ர 25 டொலர் கட்டணம் வொலண்டியருக்கு இல்லை, ஆனா பிரிண்ட் எடுக்கிற இடம் தன்ர காசு கேக்கலாம், அதால கிளப் தந்த வொலண்டியர் லெட்டரைக் கையில கொண்டு போங்கோ, காட்டினாத்தான் கழிப்பினம்.

கிளப்புக்குத் தெரிய வருமோ எண்டா, ஒன்ராறியோ சட்டப்படி ரிசல்ட் முதல்ல உங்கட கையுக்குத்தான் வரும். நீங்கள் பாத்து, குடுக்கச் சம்மதிச்சாத்தான் மற்றவைக்குப் போகும், 2018 நவம்பரில இருந்து அப்பிடித்தான். மற்ற பெற்றோருக்கு எப்பிடியும் தெரியாது. ரெஜிஸ்ட்ராருக்கு மட்டும் "பிரிண்ட் கேட்டிருக்கினம், கொஞ்சம் சுணங்கும்" எண்டு ஒரு வரி எழுதிவிடுங்கோ, அவ இதை நூறுதரம் பாத்திருப்பா.

பிரைவேட் கம்பெனி விஷயம்: அவையால விஎஸ்சி செய்யவே ஏலாது. நீங்கள் குடியிருக்கிற ஊர் போலீஸ்தான் செய்யலாம். ஸ்காபரோ எண்டா டொரோண்டோ போலீஸ், மார்க்கம் எண்டா யோர்க், நாங்கள் அஜாக்ஸ்காரர் டர்ஹாம். கிளப் எந்த ஊர் எண்டதில்லை, உங்கட வீடு எந்த ஊர் எண்டதுதான் கணக்கு.

மில்டன்_கார்த்தி:
அண்ணா சொன்னது 100% கரெக்ட், எனக்கும் பிரிண்ட் கேட்டாங்க, ஒண்ணுமே இல்ல. நான் ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட் மேட்டருக்கு வர்றேன். வேலன், நீங்க பண்ணினது பேரண்ட் ப்ரோக்ராமா ஆக்டிவிட்டி லீடரா? ரெண்டும் வேற வேற. பேரண்ட் ப்ரோக்ராம் புள்ளைய ரெஜிஸ்டர் பண்ண வீட்டுக்கு ஒரு ஆள் பண்ணணும்ல, அது. கோச், ட்ரெயினர், மேனேஜர்னு டீம்ல பேர் போடணும்னா ஆக்டிவிட்டி லீடர் தனியா பண்ணணும், அது அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ. பத்துல எட்டு பேர் இங்கதான் மாட்றாங்க.

ஸ்காபரோ_வேலன்:
அண்ணை கோடி நன்றி, மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். கார்த்தி, பேரண்ட்தான் முதல் செய்தது, ஆனா கோச் சொல்லி ஆக்டிவிட்டி லீடரும் செய்து சர்டிபிகேட் பிரிண்ட் எடுத்து மேசையில கிடக்கு. அதுக்குப் பிறகும் சிவப்புத்தான்.

மில்டன்_கார்த்தி:
அப்போ ப்ரொஃபைல் பிரச்சனை. சர்டிபிகேட்ல உங்க பேர் எப்படி இருக்கு, ஹாக்கி கனடா ரெஜிஸ்ட்ரில எப்படி இருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு இது பெரிய தலவலி. ஒரு எடத்துல அப்பா பேர் லாஸ்ட் நேம், இன்னொரு எடத்துல நம்ம பேரே லாஸ்ட் நேம், இனிஷியல் ஒரு எடத்துல ஃபர்ஸ்ட் நேம்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். பையன ரெஜிஸ்டர் பண்ணப்ப உங்க பேர்ல ஒரு ப்ரொஃபைல், இப்போ ட்ரெயினரா சேர்றப்ப இன்னொன்னுன்னு ரெண்டு ஆள் ஆகியிருப்பீங்க, சர்டிபிகேட் ஒண்ணுல, டீம் இன்னொண்ணுல. டேட் ஆஃப் பர்த்தும் செக் பண்ணுங்க, மாசமும் தேதியும் மாறி அடிச்சிருந்தாலும் சேராது. நீங்களே மூணாவது அக்கவுண்ட் மட்டும் தொறந்துடாதீங்க ப்ரோ, தயவு செஞ்சு.

ஸ்காபரோ_வேலன்:
அடக்கடவுளே, அதேதான். சர்டிபிகேட்டில அப்பா பேர் முன்னுக்கு, ரெஜிஸ்ட்ரியில பின்னுக்கு. ரெண்டு ப்ரொஃபைலும் கிடக்கு. இதை ஆர் சேர்த்துவிடுறது?

அஜாக்ஸ்_அண்ணை:
கிளப் ரெஜிஸ்ட்ராரிட்ட குடுங்கோ. ரெண்டு ப்ரொஃபைல் நம்பரும், சர்டிபிகேட் நம்பரும், லைசென்ஸில பேர் எப்பிடி இருக்கோ அதுவும் ஒரே ஈமெயிலில போகட்டும், நாலு ஈமெயிலாப் போட்டா அவவுக்கு விசர் வரும். லைசென்ஸில உள்ள மாதிரித்தான் எல்லா இடமும் இருக்கோணும், போலீஸ் செக்கும் அந்தப் பேரிலதான் வரும்.

உங்கட மூண்டாவது கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. பேப்பர் முடியும் வரைக்கும் பெஞ்சில நிக்காதேங்கோ, ட்ரெஸ்ஸிங் ரூமுக்க பொடியளோட நிக்காதேங்கோ. பெஞ்சில நிக்கிற ஆக்களின்ர பேர் டீம் ரோஸ்டரில (பேர்ப் பட்டியல்) இருக்கோணும், கூடினது அஞ்சு பேர்தான். கேம்ஷீட்டில பேர் இல்லாத ஆள் நிண்டு ஏதும் நடந்தா இன்சூரன்ஸ் கேள்வி வரும், கோச்சின்ர தலையும் உருளும். ஸ்கேட் லேஸ் கட்டப் போறன் எண்டு உங்கட மகன்ர லேஸைக் கட்டிப்போட்டு வெளியில வாறது வேற. உள்ளுக்க பொறுப்பா நிக்கிறது எப்பவும் ரெண்டு பேர், ரெண்டு பேரும் ஸ்கிரீனிங் முடிச்ச பெரியாக்கள், ஒருத்தர் மட்டும் தனிய நிக்கக்கூடாது, இது ஹாக்கி கனடாவின்ர விதி.

பிக்கரிங்_ராசா:
குறை நினைக்காதேங்கோ, ஆனா இது கொஞ்சம் ஓவர் இல்லையோ. ஏழு எட்டு வயசுப் பிள்ளையளுக்கு தண்ணிப் போத்தல் எடுத்துக் குடுக்கிறதுக்கு போலீஸ், ஃபிங்கர்பிரிண்ட், மூண்டு ஒன்லைன் கோர்ஸ். வேலைக்குச் சேரேக்கை கூட இவ்வளவு கேக்கேல்ல. அதாலதான் ஒருத்தனும் கை தூக்கிறானில்லை.

மார்க்கம்_அக்கா:
ராசா, அந்த ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட் ஆர் தொடங்கினது எண்டு தெரியுமோ? ஷெல்டன் கென்னடி, என்எச்எல் எண்ட பெரிய புரொஃபெஷனல் ஹாக்கி லீக்கில விளையாடினவர். சின்ன வயசில ஜூனியர் ஹாக்கியில தன்ர கோச்சே தன்னைச் சீரழிச்சதைப் பிறகு வெளியில சொன்னார், 1997ல அந்தக் கோச்சுக்கு மூண்டரை வருஷம் சிறை. அந்த ஆள் ஊரே மதிச்ச கோச். கென்னடி அடுத்த வருஷம் இன்லைன் ஸ்கேட்டில கனடா முழுக்கக் குறுக்கால போய் இதைப் பேசினார், பிறகு 2004ல இன்னொருத்தரோட சேர்ந்து இந்தக் கோர்ஸ் நடத்திற கம்பெனியைத் தொடங்கினார். நல்ல மனுசர் மாதிரித் தெரியிற ஆளைத்தான் செக் பண்ணோணும், கெட்டவன் மாதிரித் தெரியிறவனை ஆர் பிள்ளையளிட்ட விடுவினம்? நான் என்ர மகளை ஒரு அறையில விட்டிட்டு வெளியில கோப்பியோட நிக்கிறன், உள்ளுக்க நிக்கிற ஆள் ஆர் எண்டு எனக்கு என்ன தெரியும்.

கரைச்சல்தான், நான் இல்லை எண்டேல்ல. மூண்டு வருஷத்துக்கு ஒருக்காத்தான் செக், இடையில வாற வருஷங்களில புதுசா ஒரு குற்றமும் இல்லை எண்டு டிக்ளரேஷன் கையெழுத்து வச்சாக் காணும்.

பிக்கரிங்_ராசா:
அக்கா நான் செக் வேண்டாம் எண்டேல்ல, முதல் நாளே எல்லாத்தையும் ஒரு பேப்பரில எழுதித் தந்தா என்ன எண்டுதான் கேக்கிறன். துண்டு துண்டா வந்து கழுத்தறுக்கினம்.

மார்க்கம்_அக்கா:
அது நியாயம்.

வேலன், இனி ட்ரெயினர் சர்டிபிகேட். ஒன்ராறியோவில எச்டிசிபி (ஹாக்கி ட்ரெயினர்மாருக்கான கோர்ஸ்) லெவல் 1, மூண்டு வருஷம் செல்லும். ட்ரெயினர் எண்ட உடன பிசியோ எண்டு பயப்பிடாதேங்கோ, பாதுகாப்புக்குப் பொறுப்பான பெற்றோர், அவ்வளவுதான். எங்கட மகளின்ர டீமில நான்தான் ட்ரெயினர், எனக்கும் ஸ்கேட் வராது, பிள்ளை விழுந்தா ரெஃப்ரி கை காட்டினாப் பிறகு சப்பாத்தோடதான் ஐஸில போறது, மெதுவா நடவுங்கோ, நீங்களும் விழுந்தா பிறகு உங்களைத் தூக்க ஆள் தேடோணும். (பெண்பிள்ளையளின்ர டீம் எண்டா பெஞ்சில ஒரு பெண்ணாவது நிக்கோணும், அதால எங்களுக்கு இன்னும் ஆள் தட்டுப்பாடு. அம்மாமார் வாசிச்சா யோசியுங்கோ.)

உண்மையான வேலை எமர்ஜென்சி அக்‌ஷன் பிளான்தான். மூண்டு பேர் வேணும். நீங்கள் பிள்ளையோட நிப்பியள், ரெண்டாவது ஆள் 911 அடிக்கிறவர், மூண்டாவது ஆள் வாசலில நிண்டு ஆம்புலன்ஸைச் சரியான கதவுக்குக் கூட்டிக்கொண்டு வாறவர், மற்ற பெற்றோரை ஐஸுக்குள்ள ஓடாமத் தடுக்கிறதும் அவர்தான். நான் எந்த அரினாவுக்குப் போனாலும் முதல் ஏஇடி (நிண்ட இதயத்துக்கு ஷொக் குடுக்கிற கருவி) எங்க தொங்குது எண்டு பாப்பன், பிறகு ஆம்புலன்ஸ் வாற கதவு எது, அது பூட்டிக் கிடக்குதோ எண்டு தள்ளிப் பாப்பன். பூட்டிக்கிடந்த இடமும் உண்டு, திறப்பு ஸம்போனி (ஐஸை மட்டமாக்கிற மெஷின்) ஓட்டுற தம்பியிட்ட. மெடிக்கல் ஃபோம் எல்லாப் பிள்ளையளிட்டையும் வாங்கி பையிலயே வையுங்கோ, ஆருக்கு ஆஸ்மா, ஆருக்கு அலர்ஜி எண்டு கேம் நடக்கேக்கை தேட ஏலாது.

கன்கஷன் (தலை அடிபட்டு மூளை அதிர்றது) விஷயத்தில மட்டும் இரக்கம் காட்டாதேங்கோ. சந்தேகம் வந்தா பிள்ளை வெளியில, அண்டைக்குத் திரும்ப ஐஸில இறங்கக்கூடாது, டொக்டரின்ர கடிதம் இல்லாமல் கேமுக்கு வரக்கூடாது. அப்பா வந்து "அவனுக்கு ஒண்டுமில்லை, நான் பொறுப்பு" எண்டு கத்துவார், கத்தட்டும். 2013ல ஒட்டாவாவில ரோவன் ஸ்ட்ரிங்கர் எண்ட 17 வயசுப் பிள்ளை ரக்பியில அடிபட்டு, அது ஆற முதல் திரும்ப விளையாடி அடிபட்டு இறந்து போனா. அவவின்ர பேரிலதான் ரோவன்ஸ் லோ எண்ட ஒன்ராறியோவின்ர கன்கஷன் சட்டம், அதின்ர படிவத்தை நீங்களும் ஒவ்வொரு வருஷமும் வாசிச்சு உறுதிப்படுத்தோணும், பெற்றோரும் செய்யோணும்.

மில்டன்_கார்த்தி:
அக்கா சூப்பர். இன்னொண்ணு, ஜெண்டர் ஐடெண்டிட்டி ட்ரெயினிங்னு ஒரு ஆன்லைன் கோர்ஸும் ஓஎச்எஃப்ல (ஒன்டாரியோ ஹாக்கி ஃபெடரேஷன்) டீம் ஸ்டாஃபுக்கு உண்டு, சின்னதுதான், அதையும் லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. கோச்சிங்ல போகணும்னு ஆச வந்தா யூ7, யூ9க்கு கோச் 1 போதும், யூ11ல இருந்து கோச் 2. அப்புறம் ப்ராக்டிஸ்ல ஐஸ்ல எறங்குற எந்த பெரியவங்களும் சிஎஸ்ஏ (கனடா பாதுகாப்புத் தரம்) ஸ்டிக்கர் இருக்குற ஹாக்கி ஹெல்மெட் போட்டு ஸ்ட்ராப் மாட்டணும், எங்க டீம்ல ஒருத்தர் சைக்கிள் ஹெல்மெட்டோட வந்து நின்னாரு, கோச் திருப்பி அனுப்பிட்டாரு.

புதுசாவந்தவன்:
நடுவில கேக்கிறதுக்கு மன்னிக்கோணும். நாங்கள் கனடா வந்து கொஞ்ச நாள்தான், விஎஸ்சிக்கு ஊரில இருந்து போலீஸ் ரிப்போட் எடுக்கோணுமோ?

அஜாக்ஸ்_அண்ணை:
விஎஸ்சி கனடாவில உள்ள ரெக்கோர்ட்டை மட்டும்தான் பாக்கும் தம்பி. ஊர் ரிப்போட் போலீஸ் கேக்காது. கிளப் தனிய ஏதும் கேட்டா அவையிட்டையே எழுத்தில வாங்குங்கோ. விண்ணப்பத்தில நீங்கள் கடைசியா இருந்த விலாசங்களைக் கேக்கும், அதை மட்டும் விடாமல் நிரப்புங்கோ, ஒண்டு விட்டாலும் திருப்பி அனுப்புவினம்.

ஸ்காபரோ_வேலன்:
அப்டேட்: ரெஜிஸ்ட்ரார் ரெண்டு ப்ரொஃபைலையும் சேர்த்துவிட்டா, ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட் பச்சையாகிட்டுது. பிரிண்ட் குடுத்தாச்சு, லெட்டர் காட்டினபடியால 25 டொலரைக் கழிச்சவை, எடுத்த இடத்துக் காசு மட்டும்தான். எச்டிசிபி ஒன்லைன்ல தொடங்கியிருக்கிறன். அது வரைக்கும் வேற டீம் ட்ரெயினர் ஒருத்தரை கோச் பிடிச்சு ரோஸ்டரில சேர்த்திருக்கிறார், நான் ஸ்டாண்டில இருந்து பாக்கிறன். மேனேஜரிட்ட அந்த பிரைவேட் லிங்கை எடுத்துப்போட்டு போலீஸ் லிங்கைப் போடச் சொல்லியிருக்கிறன், அவருக்கு முகம் சுருங்கிட்டுது, பரவாயில்லை. அக்கா, உங்கட பையில என்னென்ன வச்சிருக்கிறியள்?

மார்க்கம்_அக்கா:
கையுறை, காயத்துக்குக் கட்டுற கோஸ் துணி, டேப், ஐஸ் பேக், ஒரு கத்தரிக்கோல், மெடிக்கல் ஃபோம், பேனை. யூ9 எண்டபடியா கூட ஒரு சோடி ஸ்கேட் லேஸும் டிஷ்யூப் பெட்டியும். டிஷ்யூதான் முதல் முடியும்.