ஜெர்மனிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? விடுமுறை நாட்களைப் பற்றிக் கொஞ்சம்

முதலில் வயிற்றுப்பாடு. இங்கே அரசு விடுமுறை என்றால் சூப்பர் மார்க்கெட்டும் அடைத்துவிடும். ஞாயிறும் விடுமுறை நாட்களும் ஓய்வுக்கானவை என்று ஜெர்மனியின் முதல் குடியரசு 1919-இல் இயற்றிய வைமார் அரசியல் சட்டம் சொன்னது. இன்றைய அரசியல் சட்டமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஈஸ்டர் சமயத்தில் புனித வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடை இருக்காது, நடுவில் சனிக்கிழமை மட்டும் திறப்பார்கள். டிசம்பர் 25, 26 இரண்டும் விடுமுறை, 24-ஆம் தேதியும் மதியத்தோடு சரி. வீட்டில் குழந்தை இருந்தால் பாலும் டயப்பரும் முன்னாடியே வாங்கி வையுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் இருக்கும் கடைகள்தான் கதி.

நாடு முழுவதற்கும் பொதுவான விடுமுறை 9 நாள்தான். மிச்சத்தை மாநிலங்கள் முடிவு செய்கின்றன. பவேரியாவில் அதிகம், ஆக்ஸ்பர்க் நகருக்கு மட்டும் ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஒரு தனி விடுமுறை உண்டு. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பிளவில் தொடங்கிய முப்பது வருடப் போர் 1648-இல் முடிந்து, வழிபாட்டு உரிமை திரும்பக் கிடைத்ததை அங்கிருந்த புராட்டஸ்டன்ட் மக்கள் 1650-இல் கொண்டாடியதிலிருந்து வருகிற நாள் அது. பெர்லினில் 2019 முதல் மார்ச் 8, மகளிர் தினம், விடுமுறை.

உங்களுக்குப் பொருந்துவது வேலை பார்க்கும் இடத்தின் விடுமுறை, குடியிருக்கும் ஊருடையது இல்லை. மைன்ஸில் வீடு, பிராங்ஃபர்ட்டில் ஆபீஸ் என்று நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு மாநிலம்: நவம்பர் 1 மைன்ஸில் விடுமுறை, பிராங்ஃபர்ட்டில் இல்லை. பிள்ளைகளின் பள்ளியும் கீட்டாவும் (குழந்தைகள் காப்பகம்) மூடியிருக்கும், உங்களுக்கோ வேலை நாள். ஆண்டு தொடக்கத்திலேயே இரண்டு மாநில நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். பொதுவாக, விடுமுறை சனி, ஞாயிறில் விழுந்தால் போனது போனதுதான், ஈடாக வேறு நாள் தர மாட்டார்கள். மே மாதத்தையொட்டி வரும் இயேசுவின் விண்ணேற்ற நாள் எப்போதுமே வியாழன். மறுநாள் வெள்ளிக்கு ஒரு லீவு போட்டால் நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், சீக்கிரம் கேளுங்கள்.

புனித வெள்ளி துக்க நாள். பல மாநிலங்களில் அன்று பொது இடத்தில் நடன நிகழ்ச்சி நடத்தத் தடை இருக்கிறது. "ஹேப்பி குட் ஃபிரைடே" என்று ஆபீஸ் குரூப்பில் போட வேண்டாம். சுவரில் துளை போடுவது, காலி பாட்டில்களைத் தெருவில் இருக்கும் பழைய கண்ணாடி சேகரிப்புத் தொட்டியில் போடுவது என்று சத்தம் வரும் வேலை எல்லாம் எந்த விடுமுறையிலும் கூடாது.

அப்புறம் அக்டோபர் 3. இரு ஜெர்மனிகளும் 1990-இல் இணைந்த நாள். கிழக்கு ஜெர்மனி நாடாளுமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் தேதி வாக்களித்து இந்தத் தேதியைக் குறித்தது. முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்த டிரெஸ்டனிலோ லைப்சிக்கிலோ வேலை கிடைத்து வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1989 அக்டோபர் 9 அன்று லைப்சிக் தெருவில் கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்து சுமார் 70,000 பேர் திரண்டு நடந்த ஊர்வலத்தில் உங்கள் மூத்த சக ஊழியரே இருந்திருக்கலாம். இணைப்புக்குப் பிறகு ஆலை மூடி வேலை இழந்தவர்களும் அங்கே ஏராளம். அதனால் வாழ்த்துச் சொல்வதைவிட, "அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்பது எனக்கு மேலாகப் படுகிறது. பலர் மனம்விட்டுப் பேசுவார்கள்.

பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9-ஆம் தேதி ஆயிற்றே, அதை ஏன் தேசிய நாளாக்கவில்லை என்று தோன்றும். 1918-இல் குடியரசு அறிவிக்கப்பட்டதும் அதே தேதிதான். ஆனால் 1938-இல் அதே நவம்பர் 9 இரவு நாஜிகள் நாடெங்கும் யூத ஆலயங்களைக் கொளுத்தினார்கள், கடைகளை நொறுக்கினார்கள். அந்த நாட்களில் 30,000 யூத ஆண்கள்வரை வதை முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்படிப்பட்ட தேதியில் வாணவேடிக்கை விட இந்த நாடு மறுத்தது. நான் இந்த நாட்டை மதிக்கும் காரணங்களில் இது முக்கியமானது. நவம்பர் 9 விடுமுறை இல்லை, எல்லோரும் வேலைக்குப் போவார்கள். நடைபாதையில் உள்ளங்கை அளவு பித்தளைத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருக்கும். நாஜிகள் இழுத்துச் சென்றவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் அவை பதிக்கப்பட்டிருக்கின்றன, ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேல். நவம்பர் 9 அன்று அக்கம்பக்கத்தார் முட்டி போட்டு அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தால், நீங்களும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள். குழந்தைகளையும் கூட்டிப்போகலாம்.

தீபாவளிக்கு வருகிறேன், ஏனென்றால் சில வருடங்களில் அது இந்தத் தேதியை ஒட்டியே வரும். 2026-இல் நவம்பர் 8. சாதாரண மக்கள் பட்டாசு வெடிக்க டிசம்பர் 31, ஜனவரி 1 மட்டும்தான் அனுமதி. மற்ற நாளில் வெடிக்க வேண்டுமானால் நகராட்சியின் சிறப்பு அனுமதி வேண்டும், இல்லையென்றால் அபராதம். ஊரிலிருந்து பெட்டியில் பட்டாசு கொண்டுவரும் எண்ணமே வேண்டாம், விமானத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். விளக்கேற்றுங்கள், பலகாரம் செய்து பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். லீவு வேண்டுமென்றால் கோடையிலேயே மேலாளரிடம் சொல்லி வையுங்கள்.