பெண்கள் ஐக்கியத்துக்குத் தினத்தியான நூல்: 365 நாள் வேண்டுமா?

கேள்வி: நெல்லைச் சாரல்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்துக்காகத் தமிழில் ஒரு தினத்தியான நூல் தயாரிக்கிறோம். நாளுக்கு ஒரு வசனம், சின்னத் தியானம், ஜெபம், வாசிப்பவர் எழுத நாலைந்து கோடு. பாட்டி, அம்மா காலத்துக் குடும்ப ஜெப வழக்கங்களை வைத்து எழுத நினைக்கிறோம். 365 நாள், டெமி 1/8 (சாதாரணப் புத்தக) அளவு, 300 பிரதி. வசனம் பழைய திருப்புதல் என்கிற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து. கேள்விகள் மூன்று: ஒரு நாளுக்கு எத்தனை சொல்? குடும்ப விஷயத்தை எவ்வளவு சேர்க்கலாம்? எழுதுகிற புத்தகம் என்பதால் தாள், பைண்டிங் எப்படி இருக்க வேண்டும்?

பதில் 1: மேசைவிளக்கு

முதலில் 365-ஐ விடுங்கள், சகோதரி. நாளுக்கு 2 பக்கம் என்றாலே 730 பக்கம். முதுகு மூன்றரை சென்டிமீட்டர் தடிக்கும், ஜெபக்கூட்டத்துக்குப் பையில் போட்டு எடுத்துப் போக முடியாது. பிப்ரவரியில் பத்து நாள் விட்டுப்போனால் அந்தப் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். 90 நாள் போதும். தேதி போடாமல் ‘நாள் 1’, ‘நாள் 2’ என்றே போடுங்கள். எந்த மாதமும் தொடங்கலாம், விட்ட இடத்திலிருந்து பிடிக்கலாம்.

சொல் கணக்கு: டெமி 1/8-இல் 12 புள்ளி எழுத்து, 18 புள்ளி வரி இடைவெளி, நல்ல ஓரம் விட்டால் பக்கத்துக்கு ஏறக்குறைய 27 வரி. தமிழ்ச் சொல் நீளம், வரிக்கு ஐந்துதான் உட்காரும். ஆக ஒரு பக்கம் 135 சொல். இரண்டாம் பக்கத்தில் பாதியை எழுத விட்டால் நாளுக்குச் சுமார் 200 சொல் கிடைக்கும்: வசனம் 20, தியானம் 130, ஜெபம் 30, மீதி தலைப்புக்கும் இடைவெளிக்கும். தியானம் 180-ஐத் தாண்டினால் எழுதுகிற இடத்தைத்தான் தின்னும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

குடும்ப விஷயம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருள் அல்லது ஒரே ஒரு பழக்கம், மூன்று வரிக்குள். உதாரணம், உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுக் காணிக்கைக்குச் சேர்க்கும் பிடியரிசிப் பழக்கம். அதை 1 இராஜாக்கள் 17-இல் வரும் சாறிபாத் விதவையின் ஒரு பிடி மாவோடு வைத்தாலே தியானம் நடந்துவிடும். ‘எங்கள் பாட்டி மிகவும் பக்தியுள்ளவர்’ என்று எழுதினால் வாசிப்பவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. உயிரோடு இருப்பவரின் நோய், கடன், மாமியார் மருமகள் சண்டை எதுவும் அவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அச்சுக்குப் போகக் கூடாது. ஒரே சபையில் பெயரை மாற்றினாலும் ஆள் தெரிந்துவிடும்.

அடித்தளத்துக்கு 2 தீமோத்தேயு 1:5 சரியான இடம்: பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். அப்போஸ்தலர் 16:1 தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்கிறது. கணவர் சபைக்கு வராத வீட்டுப் பெண்களுக்கு அந்த ஒரு வரி பெரிய ஆறுதல். நூலில் அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாம்.

பதில் 2: ஒப்புநோக்கி

பெண்கள் தியான நூல்களில் திரும்பத் திரும்ப வருகிற மூன்று சறுக்கல்களைச் சொல்கிறேன்.

நீதிமொழிகள் 31:10-31, குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதி. எபிரெயுவில் 22 எழுத்துக்கும் ஒவ்வொரு வசனமாக அகரவரிசையில் கட்டிய கவிதை அது; மொழிபெயர்ப்பில் அந்த அமைப்பு மறைந்துபோகிறது. அதைத் தினசரி வேலைப்பட்டியலாக எழுதினால் ஏற்கெனவே களைத்தவள் மேல் இன்னொரு சுமை. 15-ஆம் வசனத்தில் அவள் ‘வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்’. வீட்டில் உதவிக்கு ஆள் இருந்திருக்கிறது! இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ரூத் 1:16 கல்யாண அழைப்பிதழ்களில் வருகிறது. ரூத் அதைச் சொன்னது மாமியார் நகோமியிடம். எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டைகளில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. முன்பின் 5 வசனம் வாசிக்காமல் எந்த வசனத்தையும் தலைப்பில் வைக்க வேண்டாம்.

மூன்றாவது, எல்லாக் கதையும் குழந்தை பிறந்து முடிவது. 1 சாமுவேலின் அன்னாளை எழுதுங்கள். கூடவே குழந்தை இல்லாதவர், விதவை, திருமணமாகாதவர் வாசிக்கவும் நாட்கள் வேண்டும்: லூக்கா 2:36-38-இல் 84 வயது விதவை அன்னாள், சொத்துரிமை கேட்டு நின்ற செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் (எண்ணாகமம் 27), தீர்க்கதரிசி உல்தாள் (2 இராஜாக்கள் 22), ஆதியாகமம் 16-இன் ஆகார். 90-இல் குறைந்தது 20 நாள் இப்படி இருக்கட்டும்.

வசனத்தை ஞாபகத்திலிருந்து தட்டச்சு செய்யாதீர்கள். ஒருவர் கையெழுத்துப்படியைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் வேதாகமத்தில் விரல் வைத்துத் தொடர வேண்டும். அதிகாரம், வசன எண்ணையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பிழை அதிகம் கிடைப்பது எண்களில்தான். கத்தோலிக்கச் சகோதரிகளுக்கும் கொடுப்பதாக இருந்தால், அவர்கள் வேதாகமத்தில் புத்தகப் பெயர்கள் வேறு என்பதால், கடைசியில் ஒரு பெயர்ப்பட்டியல் போடுங்கள்: சங்கீதம் என்பது திருப்பாடல், நாளாகமம் என்பது குறிப்பேடு, பிரசங்கி என்பது சபை உரையாளர்.

பதில் 3: அச்சுமை

அச்சகம் 16 பக்கத்தை ஒரு பாரமாக எண்ணும். 90 நாள் × 2 = 180, முன்பக்கங்கள் 12, மொத்தம் 192; சரியாக 12 பாரம். 195 என்று வந்து நின்றால் 13 வெற்றுப் பக்கத்துக்கும் காசு கொடுப்பீர்கள்.

தாள் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற எடை) மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத தாள், இயற்கை நிறம். வழவழப்பான ஆர்ட் பேப்பர் கேட்காதீர்கள்: ஜெல் பேனா மை காயாமல் இழுவிவிடும். 60 ஜி.எஸ்.எம். என்றால் எழுதியது பின்பக்கம் தெரியும். அட்டை 300 ஜி.எஸ்.எம்., மேட் லேமினேஷன். தாளின் இழை ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்கட்டும். குறுக்கே ஓடினால் பக்கம் அலை அடிக்கும், புத்தகம் மூடி நிற்காது.

பைண்டிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெறும் பசை ஒட்டிய பர்ஃபெக்ட் பைண்டிங்கை தினமும் விரித்து அழுத்தி எழுதினால் இரண்டு மாதத்தில் தாள் கழன்று வரும். பாரம் பாரமாக நூல் தைத்துப் பிறகு பசை போடச் சொல்லுங்கள். உள் ஓரம் 20 மி.மீ. விடுங்கள். எழுதும் கோடுகளுக்கு 9 மி.மீ. இடைவெளி வேண்டும், ஆங்கில நோட்டுப்போல 7 விட்டால் ‘கி’யின் மேல்சுழியும் ‘மூ’வின் கீழ்ச்சுழியும் அடுத்த வரியில் இடிக்கும்.

எழுத்துரு: யூனிகோடிலேயே தட்டச்சு, யூனிகோடிலேயே பக்க அமைப்பு. பல அச்சகங்கள் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக் கேட்கும். மாற்றும்போது ‘கொ’, ‘கோ’ உடையும், ‘ஸ்ரீ’ காணாமல் போகும், ‘கௌ’ என்பது ‘கெள’ ஆகும். பழைய திருப்புதலில் ஸ்திரீ, வருஷம், ஜனம் என்று கிரந்த எழுத்து நிறைய என்பதால் சேதமும் அதிகம். பக்க அமைப்பு மென்பொருள் இன்டிசைன் என்றால் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள்.

300 பிரதிக்கு டிஜிட்டல், ஆஃப்செட் இரண்டுக்கும் விலை கேளுங்கள். ஆஃப்செட் பிளேட் செலவு 300-க்கும் 1000-க்கும் ஒன்றுதான். சிவகாசியில் அடிப்பதானால் காலண்டர் வேலை குவிகிற வருடக் கடைசியைத் தவிருங்கள்.

நெல்லைச் சாரல்

நன்றி. 90 நாள், நூல் தையல், முடிவாகிவிட்டது. பாட்டு வரிகளும் சில சேர்க்க எண்ணம். அனுமதி வேண்டுமா?

பதில் 4: ஒப்புநோக்கி

இந்தியாவில் எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தவர்; அவர் கீர்த்தனைகளுக்குத் தடையில்லை. இன்றைய போதகர்கள், பாடகர்கள் எழுதிய பாடல் என்றால் இரண்டு வரியானாலும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸப்பில் வந்த கவிதையை ‘யாரோ எழுதியது’ என்று போடுவதைவிட விட்டுவிடுவது நல்லது.

வேத வசனத்துக்கு: பழைய திருப்புதலின் மூலம் ஹென்றி பவர் என்பவரின் மொழிபெயர்ப்புக் குழுவுடையது, 1871. ஆனால் நீங்கள் பார்த்து எழுதுவது இன்றைய அச்சுப் பதிப்பு. அதன் உரிமைப் பக்கத்தில் உள்ளதைப் படித்து, பெங்களூரு இந்திய வேதாகமச் சங்கத்துக்கு எத்தனை வசனம், எத்தனை பிரதி, விற்பனையா இலவசமா என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் போடுங்கள். பக்க அமைப்பு தொடங்கும் முன்பே போடுங்கள். உரிமை வாசகம் உங்கள் நூலின் 2-ஆம் பக்கத்தில் வர வேண்டும்.

கடையில் விற்க எண்ணினால் ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் அடையாள எண் எடுக்கலாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையவழி விண்ணப்பம், கட்டணம் இல்லை. நூலகங்களுக்குப் பிரதி வழங்கும் 1954 சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும், அதனால் 300-இல் 4-ஐ முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.